மலை பங்களாக்களின் பழைய படங்கள்: பார்க்கும் முறையும் காக்கும் முறையும்

தைப்பிங், ஈப்போ போன்ற பேரா மாநிலத்துப் பழைய நகரங்களுக்குச் செல்வோர், அரும்பொருளகச் சுவரிலோ பழைய விடுதிகளின் கூடத்திலோ பழுப்பேறிய நிழற்படங்கள் சில மாட்டப்பட்டிருக்கக் காண்பர். மலைச்சரிவில் ஒரு வீடு, அகன்ற தாழ்வாரம், புல்வெளி, அதன் நடுவே பிரம்பு நாற்காலிகள், பின்னணியில் பனிமூட்டம். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் குளிர்ந்த மலைகளின்மீது எழுப்பப்பட்ட பங்களாக்களின் படங்கள் இவை. நூறாண்டுக்கு மேற்பட்ட வயதுடையவையும் இவற்றுள் உண்டு.

இவற்றைக் கண்டு, ‘துரைமார் வீடுகள்தாமே, நமக்கு என்ன?’ என்று கடந்து செல்வது எளிது. ஆயினும், சற்றே நின்று, பார்க்க வேண்டிய முறையில் பார்த்தால், இப்படங்கள் நம் முன்னோரைப் பற்றியும் சிலவற்றைக் கூறும். நம் வீட்டுப் பெட்டியில் உறங்கும் படங்களை நாம் எவ்வாறு போற்ற வேண்டும் என்பதையும் அவை கற்பிக்கும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைமேல் வீடு எழுந்த வரலாறு

வெப்பநாட்டில் பணிபுரிய வந்த ஆங்கிலேய அதிகாரிகள், காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் அஞ்சி மலைகளை நாடினர். இந்தியாவில் நீலகிரி மலைமீது உதகமண்டலமும், இலங்கையில் நுவரெலியாவும், மலாயாவில் பினாங்கு மலையும் இவ்வாறே வளர்ந்தன.

பேராவின் மலை வாசத்தலம் தைப்பிங் நகருக்கு மேலே எழுந்தது. அப்பொழுது தைப்பிங்கே மாநிலத் தலைநகராக விளங்கியது; 1937ஆம் ஆண்டிலேதான் தலைநகர் ஈப்போவுக்கு மாறியது. பேராவின் துணை ரெசிடெண்டாகப் பணியாற்றிய வில்லியம் எட்வர்ட் மெக்ஸ்வெல் என்பாரின் பெயரால் 1884ஆம் ஆண்டு முதல் அது ‘மெக்ஸ்வெல் மலை’ எனப்பட்டது. கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அங்கு பங்களாக்கள் அமைந்தன. 1979ஆம் ஆண்டில் அம்மலை ‘புக்கிட் லாருட்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. துரைமார் பெயர்களைத் தாங்கியிருந்த பங்களாக்களும் செம்பாக்கா, பெரிங்கின், தெம்பினிஸ் என நம் நாட்டு மரங்களின் பெயர்களைப் பெற்றன.

அம்மெக்ஸ்வெலின் மகன் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல், பின்னாளில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளரானார். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் நில அளவை செய்து குறித்த பீடபூமியை, 1925ஆம் ஆண்டில் மலை வாசத்தலமாக வளர்க்க முனைந்தவர் அவரே. அதுவே பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலை. எனினும் அதற்குப் பாதை நம் தாப்பாவிலிருந்தே வெட்டப்பட்டது. 1931ஆம் ஆண்டில் அது தானா ராத்தாவை எட்டியது.

மலைகளில் வீடு மட்டும் எழவில்லை. பயிர்ச் சோதனைகளும் நடைபெற்றன. தைப்பிங் மலையிலிருந்த அரசாங்கத் தோட்டத்தில் தேயிலை, காப்பி, கொய்னா போன்றவை பயிரிட்டுப் பார்க்கப்பட்டன. மலையின் நடுவழியில் உள்ள ஓரிடம் இன்றும் ‘தேயிலைத் தோட்டம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பேராவின் தலைவிதியை மாற்றிய பயிர் மலைப்பயிரன்று. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் சர் ஹியூ லோ நட்டு வளர்த்த ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்களே தாழ்நிலமெங்கும் பரவின. அந்தப் பால்மரங்களைத் தேடியே நம் முன்னோர் கப்பலேறினர்.

படம் பிடித்தவர்கள்

அக்காலத்தில் நிழற்படம் எடுப்பது எளிய செயலன்று. கனத்த கண்ணாடித் தகடுகளின்மீது மருந்து பூசி, ஈரம் காயுமுன்பே படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் அதனைக் கழுவி முடிக்க வேண்டும். ஆகவே கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், கூடாரம் அனைத்தும் மலையேற வேண்டும். இந்தியாவில் 1863ஆம் ஆண்டில் இமயமலைக்குச் சென்ற சாமுவேல் போர்ன் என்னும் நிழற்படக் கலைஞர் ஏறத்தாழ 30 சுமையாளர்களை அழைத்துச் சென்றார். 1871ஆம் ஆண்டில் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்ந்த தகட்டு முறையை அறிவித்த பின்னரே இச்சுமை படிப்படியாகக் குறைந்தது.

மலாயாவில் இத்தொழிலில் பெயர் பெற்றது, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த குஸ்தாவ் லாம்பர்ட் 1867ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய நிலையமாகும். சுமத்திராவின் மேடானில் தொழில் நடத்திய கிளைன்குரோத் என்பார், ஏறத்தாழ 1907ஆம் ஆண்டில் மலாய்த் தீபகற்பத்தின் காட்சிகளைப் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். பேராவிலேயே வாழ்ந்து படமெடுத்தவர் லியோனார்ட் ரே. மலைமீதிருந்த அரசாங்கத் தோட்டத்தைக் கண்காணித்த இவர், 1883ஆம் ஆண்டில் தைப்பிங்கில் தொடங்கப்பெற்ற பேரா அரும்பொருளகத்தின் காப்பாளராகவும் விளங்கினார். தமிழகத்து உதகையில் ஆல்பர்ட் பென், இலங்கையில் ஸ்கீன் நிறுவனத்தார் எனப் பிற மலைகளுக்கும் அவ்வவற்றின் படக்கலைஞர்கள் இருந்தனர்.

இவர்களிடம் படம் வாங்கியவர் யாவர்? அதிகாரிகளும், தோட்டத் துரைமாரும், பயணிகளுமே. தாம் வாழ்ந்த வீட்டையும் வளர்த்த ரோஜாச் செடிகளையும் சீமையிலுள்ள உறவினர்க்குக் காட்ட அவர்கள் விரும்பினர். விலை கொடுத்தவர் எதனைக் காண விரும்பினாரோ, அதுவே படத்தின் நடுவில் அமர்ந்தது. பழைய படங்களைப் பார்க்கும்போது நாம் மனத்தில் இருத்த வேண்டிய முதற்பாடம் இதுவாகும்.

முட்டை வெண்கருவும் வெள்ளியும்

படம் காகிதத்தில் எவ்வாறு தங்கியது என்பதையும் அறிந்துகொள்வோம். 1850ஆம் ஆண்டு முதல் அந்நூற்றாண்டின் இறுதிவரை பெருவழக்காக இருந்தது வெண்கரு முறையாகும். உப்புக் கலந்த கோழிமுட்டை வெண்கருவை மெல்லிய தாளில் பூசி உலர்த்துவர். பின்னர் வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, கண்ணாடித் தகட்டின் அடியில் வைத்து வெயிலில் காட்டுவர். வெயில் பட்ட இடம் கறுக்கும். படாத இடம் வெளுத்து நிற்கும். இத்தாள் தயாரிப்பில் டிரெஸ்டன் நகரமே முன்னணியில் நின்றது. அங்கிருந்த ஒரு பெரிய தொழிற்சாலை மட்டும் 1888ஆம் ஆண்டில் ஆறு மில்லியனுக்கும் மேற்பட்ட முட்டைகளைச் செலவிட்டது.

வெண்கருப் படம் பழுப்பு அல்லது செம்பழுப்பு நிறமாக இருக்கும். தாள் மிக மெல்லியதாகையால் கனத்த அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். வெண்மையாக இருக்க வேண்டிய பகுதிகள் மஞ்சள் பாரித்திருக்கும். இதற்குப் பின் வந்தது ஜெலட்டின் முறை. அது கறுப்பு வெள்ளையாக, வழவழப்பான பரப்புடன் விளங்கும். நாட்பட்டால் கருமையான பகுதிகளில் வெள்ளி பூத்ததுபோல ஒரு மினுமினுப்புத் தோன்றும். நம் பாட்டன்மார் நகரத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படங்கள் பெரும்பாலும் இவ்வகையினவே.

அச்சகத்தில் மையால் அச்சிட்ட படங்களும் உண்டு. பூதக்கண்ணாடியால் நோக்கும்போது சிறுசிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியுமாயின், அது புத்தகத்திலிருந்தோ அட்டையிலிருந்தோ மறுபடியும் அச்சிடப்பட்டதாகும். பழைய மூலப்படி என்று நம்பி அதிக விலை கொடுத்து ஏமாறாதிருக்க இச்சோதனை உதவும்.

வயதைக் கணிப்பது எப்படி?

படத்தில் ஆண்டு குறிக்கப்படாவிடினும், அதன் வயதை ஓரளவு கணிக்கலாம். மூன்று வழிகளைக் காண்போம்.

முதலாவது, எழுத்து. கண்ணாடித் தகட்டிலேயே மையால் எழுதப்பட்ட எண்ணும் தலைப்பும் படத்தின் அடியில் வெள்ளை எழுத்தாகத் தெரியும். ‘ஐக்கிய மலாய் மாநிலங்கள்’ என்று அதில் இருக்குமாயின், அம்மாநிலங்கள் ஒன்றிணைக்கப்பட்ட 1895ஆம் ஆண்டுக்கு முன்னர் அத்தலைப்பு எழுதப்பட்டிருக்க இயலாது. 

இரண்டாவது, அஞ்சலட்டையின் பின்புறம். தொடக்கத்தில் அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியதாக இருந்தது. செய்தியைப் படத்தின் ஓரத்தில் எழுதினர். ஒரே பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்புறம் செய்தியும் வலப்புறம் முகவரியும் எழுதும் முறையை 1902ஆம் ஆண்டில் பிரிட்டன் முதன்முதலில் அனுமதித்தது. பிற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்பற்றின. நடுக்கோடு உள்ள அட்டை அதற்குப் பிற்பட்டதே.

மூன்றாவது, படத்துள் காணும் பொருள்கள். மெக்ஸ்வெல் மலை பங்களா ஒன்றின் வாசலில் மோட்டார் வண்டி நிற்பதாகக் கொள்வோம். அம்மலைக்கு வண்டிப்பாதை, போருக்குப் பின் சிறைப்பட்டிருந்த ஜப்பானியரின் உழைப்பையும் கொண்டு அமைக்கப்பட்டு, 1948ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. ஆகவே அப்படம் அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. குதிரையோ தூக்கு நாற்காலியோ காணப்படின் அதற்கு முந்திய காலத்தை நினைக்கலாம். மின்கம்பம், கூரைத் தகரம், உடை முதலியனவும் இவ்வாறே சாட்சி கூறும்.

ஓரத்தில் நிற்போர் யார்?

இப்பொழுது, வீட்டிலிருந்து கண்ணை எடுத்துப் படத்தின் ஓரங்களைப் பார்ப்போம்.

வண்டிப்பாதை இல்லாத மலையில் மேசையும் நாற்காலியும் கண்ணாடிச் சாளரமும் தாமாக ஏறவில்லை. துரைமாரும் அவர்தம் மனைவியரும் குதிரைமீதும், ஆட்கள் தோளில் சுமந்த தூக்கு நாற்காலியிலும், கால்நடையாகவும் ஏறினர். அவர்கள் உண்ட அரிசியும் மாவும் ரொட்டியும் மனிதர் முதுகிலேயே சென்றன. படமெடுக்கும் பெட்டியும் அவ்வாறே சென்றது. புல்லை வெட்டியவர், குளிர்காய விறகு பிளந்தவர், துணி துவைத்தவர், குழந்தையைத் தூக்கியவர் எனப் பலருடைய உழைப்பின்மீதே அந்த அமைதியான காட்சி நிற்கிறது.

படங்களிலே இவர்கள் சில வேளைகளில் தென்படுவர். தாழ்வாரத் தூணருகே பாதி மறைந்து ஒருவர். குதிரையின் கடிவாளத்தைப் பற்றியவாறு ஒருவர். நெடுநேரம் அசையாது நிற்க இயலாமையால் உருவம் கலைந்து புகையாய்த் தெரியும் ஒருவர். தலைப்பில் வீட்டின் பெயர் இருக்கும். துரையின் பெயரும் இருக்கலாம். இவர்களுடைய பெயர் இராது. தலைப்பாகையையும் வேட்டியையும் கொண்டே, இவர் நம்மவர் என்று நாம் அறிகின்றோம்.

மலைக்குக் கீழேயும் நிலை இதுவே. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை நாட்டின் முதல் இருப்புப்பாதை போடப்பட்டபோது, இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். சாலைகளிலும் தோட்டங்களிலும் தமிழகத் தொழிலாளர்கள் முதலில் ஒப்பந்தத்தின் கீழும், 1910ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தபின் பெரும்பாலும் கங்காணிமார் வழியாகவும் வந்தனர். துரை பங்களாவுக்குப் படம் உண்டு. ரப்பர் ஸ்டோருக்குப் படம் உண்டு. லயத்துக்குப் படம் மிகக் குறைவு.

இதற்கு மாறான ஒரு காட்சியும் பேராவில் உள்ளது. ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜா அருகில், ரப்பர்த் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ஆம் ஆண்டில் ஒரு மேட்டின்மீது பெரிய மாளிகை கட்டத் தொடங்கினார். அதற்கெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். கொள்ளை நோய் அவர்களைத் தாக்கவே, மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று அவர்கள் கேட்டதாகவும், ஸ்மித் இசைந்ததாகவும் கூறுவர். 1926ஆம் ஆண்டில் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முடிவுறாமல் நின்றது. கோயிலின் மேற்புறத்தில், தெய்வ உருவங்களிடையே, வெள்ளைக்காரரைப் போன்ற ஒரு சுதை உருவம் உள்ளது. அது ஸ்மித்தைக் குறிக்கும் என்பர். துரைமார் எடுப்பித்த படங்களில் தொழிலாளி ஓரத்தில் பெயரின்றி நின்றார். தொழிலாளர் கோயிலிலோ துரைக்கும் ஓர் இடம் கொடுத்தனர்.

நம் வீட்டுப் படங்கள்

நம் முன்னோர்க்கு முதல் நிழற்படம் எப்பொழுது கிடைத்தது? தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் அதற்கு விடை 1948ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு ஜூன் திங்களில் பேராவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் பதிவு செய்துகொண்டு, படமும் கைரேகையும் உள்ள அடையாளக் கார்டு பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. மலைமேல் வாழ்ந்தோர் தம் வீட்டின் அழகைக் காட்டப் படமெடுத்தனர். நம்மவரோ தாம் இன்னார் என்று மெய்ப்பிக்கப் படமெடுத்தனர். அச்சிறிய படத்தில் நேராக நோக்கும் முகத்தின் பின்னே வெற்றுத் திரைதான் உண்டு. எனினும் அங்கே பெயர் உண்டு.

அதற்குப் பின் வேறு படங்களும் சேர்ந்தன. தீபாவளிக்கு நகரம் சென்று ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். தோட்டப் பள்ளி மாணவர் ஆசிரியருடன் அமர்ந்த படம். மாரியம்மன் திருவிழாப் படம். துரைக்கும் கிராணிக்கும் பிரிவுபசாரம் நடத்தியபோது, மண்டோர்கள் பின்வரிசையில் நின்ற படம். இவை எந்த அரும்பொருளகத்திலும் பதிவானவை அல்ல. பிஸ்கட் டின்னிலும் சாமி மேடைச் சுவரிலும் இருக்கின்றன.

பேராவின் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைத் தோட்டங்களாயின. பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன, பள்ளிகள் இடம் பெயர்ந்தன. மலை பங்களாவுக்கு ஏட்டிலும் படத்திலும் சான்று உண்டு. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தையும் பெரட்டுக் களம் இருந்த இடத்தையும் காட்ட, நம் வீட்டுப் படத்தை விட்டால் வேறு சான்று மிகுதியாக இல்லை. அப்படத்தில் இருப்போரின் பெயர் கூறக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள்.

காக்கும் முறை

பெருஞ்செலவு வேண்டியதில்லை. பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தாலே போதும்.

ஒன்று: பெயர் எழுதுக. மென்மையான பென்சிலால், படத்தின் பின்புற ஓரத்தில், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களையும், தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும் எழுதுக. பால்பேனா வேண்டா, அதன் தடம் முன்புறம் புடைக்கும், மையும் ஊறும். பிற்காலப் படங்களின் வழவழப்பான பின்புறத்தில் பென்சில் பதியாவிடின், உறைமீது எழுதி, அதனுள் படத்தை இடுக.

இரண்டு: ஈரத்தினின்று காத்திடுக. நம் நாட்டுப் புழுக்கமே படங்களுக்கு முதற்பகை. பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் அதனால் பெருகும். தகரக் கூரையின் கீழும், சமையலறைச் சுவரிலும், தரையோடு ஒட்டியும் வைக்கலாகாது. துருப்பிடித்த டின்னும், படத்தைச் சுற்றிய செய்தித்தாளும் தீங்கு செய்யும். சுத்தமான வெள்ளைத்தாள் உறையும், காற்றோட்டமான அலமாரியில் ஓர் அட்டைப் பெட்டியும் நன்று.

மூன்று: ரப்பர் வளையம் இட்டுக் கட்டற்க. பால் உறுதியான ரப்பராக மாறுவதற்குக் கந்தகம் சேர்க்கப்படுவதை நம் வாசகர்கள் அறிவர். அக்கந்தகமே படத்திலுள்ள வெள்ளியைக் கறுக்கச் செய்கிறது. நம் கைகளால் சீவிய பால், நம் முன்னோர் முகத்தை மறைக்க வேண்டா. பசைப்பரப்பின்மீது நெகிழித்தாள் மூடிய ஆல்பங்களையும் தவிர்த்திடுக. அப்பசை நாளடைவில் படத்தை விடாது பற்றும்.

நான்கு: சாமி மேடையில் மூலப்படத்தை மாட்டற்க. விளக்குப் புகை, மாலையின் ஈரம், கண்ணாடியில் இடும் குங்குமம் ஆகியவை மறைந்தோர்க்கு நாம் செய்யும் மரியாதை; ஆனால் படத்திற்கு அவை நஞ்சு. நல்ல நகல் எடுத்து அதனை மாட்டி வணங்குக. மூலத்தைப் பெட்டியில் வைத்திடுக. ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க முயலாமல், கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்துக்கொள்க.

ஐந்து: கைப்பேசியால் நகல் எடுத்திடுக. நேர்வெயில் படாத, வெளிச்சமான நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து, நேர்மேலிருந்து, மின்னல் விளக்கின்றிப் படமெடுக்கலாம். பின்புற எழுத்தையும் எடுத்திடுக. ஒரே கைப்பேசியில் வையாமல் பிள்ளைகள், உறவினர் எனப் பலரிடமும் பகிர்ந்து வைத்தால், ஒன்று அழிந்தாலும் மற்றொன்று எஞ்சும். 1970ஆம் ஆண்டுகளின் வண்ணப் படங்கள் இருட்டில் வைத்தாலும் நிறமிழக்கும் இயல்பினவாகையால், அவற்றை முதலில் நகலெடுப்பது நலம்.

ஆறு: வெள்ளத்தில் நனைந்த படங்களை வெயிலில் காயவைக்கலாகாது. ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு முன்பே தூய நீரில் மெல்ல அலசி, முகம் மேலாகத் துணியின்மீது பரப்பி, நிழலில் உலர்த்துக.

பழைய படங்களை விலைக்குக் கேட்டு வருவோரிடம் மூலத்தைக் கொடுத்துவிடுவதற்கு முன், குடும்பத்தார் அனைவரும் கலந்து பேசுதல் வேண்டும். பலருக்கும் பயன்படட்டும் என்று எண்ணுவோர், கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையோ, தைப்பிங்கிலுள்ள பேரா அரும்பொருளகத்தையோ அணுகி விசாரிக்கலாம். தோட்டக் கோயில் நிருவாகத்தினரும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் ஒன்றுகூடி, தத்தம் தோட்டத்துப் படங்களை ஒரே தொகுப்பாக்கலாம். மாணவர்கள் எழுத, மூத்தோர் சொல்ல, ஒரு விடுமுறையில் முடியக்கூடிய பணி இது.

மலை பங்களாவின் படம் நூறாண்டு நிலைத்ததற்குக் காரணம் அவ்வீட்டின் பெருமை மட்டுமன்று. அதனை ஒருவர் அட்டையில் ஒட்டினார், ஒருவர் தலைப்பு எழுதினார், ஒருவர் பெட்டியில் வைத்துக் காத்தார். அக்கவனத்தை நம் லயத்துப் படத்திற்கும் நாம் அளிக்கலாம். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலுள்ள படங்களை எடுத்து, ஒரு பென்சிலுடன் பாட்டியின் அருகில் அமர்க. “இவர் யார்?” என்று ஒவ்வொரு முகத்தையும் சுட்டிக் கேட்க. அவர் சொல்லும் பெயரை அன்றே எழுதி வைத்திடுக.